ஒற்றைக்கால் பாய்ச்சல்

ஜூன் 16, திங்கள்

நான் ஆடும் காற்பந்துக் கழகத்தின் பிசியோ கெர்ரி இதை எழுதச் சொல்லியிருக்கிறாள். வீக்கம், வலி, நித்திரை, மனநிலை. தினமும் வேண்டாம், ஏதாவது இருக்கும்போது எழுதினால் போதுமாம். அவள் வாசிக்கப்போவதில்லை. கேட்கும்போது நான் பார்த்துச் சொல்லவேண்டும். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

நடந்தது சனிக்கிழமை, மூன்றாவது கால்பகுதியில். பந்து உயரமாக வந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். இந்த நாட்டுக் காற்பந்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆட்களின் தோளுக்கு மேலால் பாய்ந்து பிடிப்பதற்குத்தான் சனம் கைதட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மெல்பேர்ணில் இறங்கியபோது எனக்குப் பதினாலு வயது. ஆங்கிலம் வாயில் வராது. பள்ளிக்கூட மைதானத்தில் முதல் தடவை அப்படிப் பாய்ந்து பிடித்த அன்று, பெயர்கூடத் தெரியாத பையன்கள் வந்து என் முதுகில் தட்டினார்கள். அன்றிலிருந்து விட்டதில்லை.

இறங்கும்போது இடது பாதம் நிலத்தில் ஊன்றிவிட்டது. உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. யாரும் இடிக்கவில்லை. உள்ளே ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

நண்பர்கள் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாம்பவி போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் இருந்தாள். என் மனைவியும் பிசியோதான், ஆனால் ஆஸ்பத்திரியில், விழுந்து இடுப்பு முறிந்த வயதானவர்களுக்கு. எழும்பி வந்து என்னைக் கட்டிலில் படுக்க வைத்தாள். ஒரு கையால் தொடையையும் மற்றக் கையால் கெண்டைக்காலையும் பிடித்து மெல்ல முன்னுக்கு இழுத்தாள். எலும்பு வழுகி வருவது எனக்கே தெரிந்தது.

"உள்ளுக்கை நாண் அறுந்திட்டுது," என்றாள்.

"நிச்சயமோ?"

"ஸ்கான் எடுக்கட்டும். ஆனா அறுந்திட்டுது."

பிறகும் கொஞ்ச நேரம் அவள் கையை எடுக்கவில்லை. கை குளிராக இருந்தது. வீக்கத்துக்கு அது நல்லதாகப் பட்டது.

வீக்கம்: நிறைய. வலி: பத்துக்கு ஆறு. மனநிலை: பரவாயில்லை.

ஜூலை 9, புதன்

நேற்று சத்திரசிகிச்சை. தொடையின் பின்பக்கத்திலிருந்து நாரெடுத்து, அறுந்த நாணுக்குப் பதிலாக முழங்காலுக்குள் பூட்டியிருக்கிறார்கள். திரும்ப விளையாடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகுமாம். என் மின்னிணைப்பு வேலைக்கு ஏணியில் ஏறவே இன்னும் பல மாதம்.

சாம்பவி லீவு போட்டிருக்கிறாள். கெர்ரியோடு போனில் கதைத்து, கெர்ரி கழகத்தில் செய்ய வேண்டியது எது, வீட்டில் தான் செய்ய வேண்டியது எது என்று இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள்.

முதலில் கால் முழுதாக நீட்ட வேண்டும். மடக்குவது பிறகு. அவள் தன் உள்ளங்கையை என் முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.

"என்ர கையை நசுக்குங்கோ."

நசுக்கினேன்.

"இன்னும். எனக்கு நோகேல்லை. நசுக்குங்கோ."

எனக்கு உயிர் போனது. அவள் கையை எடுக்கவில்லை.

மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு வந்தோம். இப்போது அவள் புட்டையும் சம்பலையும் அறைக்கே கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் இருந்து தானும் சாப்பிடுகிறாள்.

மார்ச்சில் நடந்ததை இதில் எழுதத் தேவையில்லை. அது முழங்கால் சம்பந்தமானதல்ல.

ஜூலை 20, ஞாயிறு

சாம்பவி காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் மத்தியானம் வந்தாள். ஞாயிறு என்றால் போவாள். எங்கே போகிறாள் என்று தெரியும். ஊன்றுகோலோடு என்னால் அந்தப் புல்லில் நடக்க முடியாது.

வந்ததும் கை கழுவிவிட்டு ஐஸ் பையோடு வந்தாள். கால் இப்போது நேராக நீட்டுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் வைத்திருக்கிறாள். இவ்வளவு நாளும் மிதி பாதிவரை போய்ப் பின்னுக்கு வரும். இன்று ஒரு முழுச் சுற்று சுற்றியது. நான் "ஐயோ" என்று கத்தினேன். குசினியிலிருந்து ஓடி வந்தவள் மிதி சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். கையெல்லாம் மா.

அவள் சிரிப்பது எப்படி இருக்கும் என்பதை மறந்திருந்தேன்.

செப்டம்பர் 20, சனி

இறுதியாட்டம். எங்கள் அணி தோற்றது. நான் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்தேன்.

அக்டோபர் 8, புதன்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு சூம்பிப் போயிருந்த இடது தொடை இப்போது தேறி வருகிறது. வேலையால் வந்ததும் சாம்பவி தையல் நாடாவால் இரண்டு தொடையையும் அளந்து பார்ப்பாள். பிறகு எண்ணெய் போட்டுத் தழும்பை அழுத்தி விடுவாள். வலிக்கும், ஆனால் நான் வலிக்கிறதென்று சொல்வதில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

இன்று தடவிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை, உங்களை வெளியிலை நிக்கச் சொன்ன நேரம்..."

அந்த நேரம் பார்த்து முழங்காலின் உட்பக்கம் இறுகியிருந்தது. "இதிலை ஏன் இப்பிடி இறுகிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தாள். விரலால் அழுத்தினாள். "ஒண்டுமில்லை. போகப்போகச் சரியாகும்," என்றாள். திரும்ப எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

நித்திரை: குறைவு. மனநிலை: பரவாயில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மனநிலைக்கு எப்போதும் ஒரே பதிலைச் சொல்கிறேன் என்றாள் கெர்ரி. இந்தக் காயத்தில் காலைவிட மனம்தான் பலருக்குப் பிந்தித் தேறுமாம். வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டாள். சரி என்றேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. மார்ச் பதினோராம் திகதி எங்களுக்கு ஒரு குழந்தை உயிரில்லாமல் பிறந்தது என்று சொன்னேன். ஏழாம் மாதம். பெண்.

கெர்ரி என் தோளில் கை வைத்தாள். எப்போது திரும்பப் பயிற்சிக்கு வந்தேன் என்று கேட்டாள். அதற்கு அடுத்த கிழமையே என்றேன். அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முழுக்க நான்தான் எல்லோரிலும் வேகமாக ஓடினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

நவம்பர் 22, சனி

இன்று ஓடினேன். மைதானத்தை ஒரு சுற்று, மெதுவாக. சாம்பவியும் பக்கத்தில் ஓடினாள், என் முழங்காலைப் பார்த்தபடியே. "நேர பாத்து ஓடும், விழப்போறீர்," என்றேன். "நீங்கள் ஓடுங்கோ, நான் விழமாட்டன்," என்றாள். ஓடி முடித்துப் புல்லில் மல்லாந்து கிடந்தோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவள் தலைமயிர் என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

இப்படியே ஒவ்வொரு சனியும் வருவோம் என்றேன். ஓம் என்றாள்.

டிசம்பர் 25, வியாழன்

மணலில் நடந்தால் காலுக்கு நல்லது என்று கடற்கரைக்குப் போனோம். சின்னப் பிள்ளைகள் நிறைய. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஜனவரி 18, ஞாயிறு

தஸ்மேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி சாம்பவிக்கு நல்ல வேலை கொடுத்திருக்கிறதாம். நவம்பரிலேயே கேட்டிருக்கிறார்கள். இன்றுதான் சொன்னாள்.

"என்ன சொன்னனீர்?"

"உங்கட கால் சுகமாகாமல் வரேலாது எண்டு சொன்னனான். மே மட்டும் இடத்தை வைச்சிருக்கினமாம்."

நான் அங்கே வருவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் படிக்கட்டில் ஏறி இறங்கும் பயிற்சி செய்தபோது இடது கால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைத்துவிட்டது.

பெப்ரவரி 17, செவ்வாய்

கெர்ரியிடம் பாய்ச்சல் சோதனை. ஒற்றைக்காலில் நின்று முடிந்த தூரம் பாய்ந்து, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு மற்றக் கால். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால்தான் விளையாட விடுவார்கள்.

இடது காலில் தூரம் நன்றாகக் குறைந்து போனது. இயந்திரத்தில் தொடையின் பலம் சரியாக இருக்கிறதே, இதில் ஏன் குறைகிறது என்று கெர்ரிக்கு விளங்கவில்லை. விழுந்த பயமாக இருக்கலாம், அவசரமில்லை, இன்னும் ஆறு கிழமை பயிற்சி செய்வோம் என்றாள்.

சாம்பவியிடம் சொன்னேன். "அப்பிடியோ," என்றாள். பிறகு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

மார்ச் 11, புதன்

காலையில் அவள் வேலை உடுப்புப் போடாமல் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றாள்.

"வாறீங்களோ?"

ஒரு புதுவீட்டுக் கூரைக்குள் வயர் இழுக்கும் வேலை இருந்தது. இன்று முடித்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. மிச்ச நேரம் கூரைக்குள்ளேயே இருந்தேன். வெக்கை.

மார்ச் 31, செவ்வாய்

இரண்டாவது பாய்ச்சல் சோதனை. திரும்பவும் குறைவு.

பின்னேரம் சாம்பவி குசினி மேசையில் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"இண்டைக்கும் குறைவோ?"

"ஓம்."

"கெர்ரி வீடியோ அனுப்பினவ. தனக்கு விளங்கேல்லை, ஒருக்கால் பாக்கச் சொல்லி." கத்தியைக் கீழே வைத்தாள். "வலது காலுக்குக் கையை நல்லா வீசிப் பாயுறீங்கள். இடதுக்குக் கையை வீசவே இல்லை."

"களைச்சுப் போனன்."

"நான் ஒன்பது வருசமா இந்த வேலைதான் செய்யிறன்."

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து கிளாசை நிரப்பினேன். குடிக்கவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்யிறீங்கள்?"

"மெதுவாச் சுகமானா நல்லதுதானே."

கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றாள். "இன்னும் ஒரு கிழமை போகட்டும், இன்னும் ஒரு கிழமை போகட்டும் எண்டு. உங்கட காலைப் பிடிச்சுக்கொண்டிருக்கேக்கை எனக்கு வேற ஒண்டும் நினைவு வராது."

"அப்ப பிடிச்சுக்கொண்டே இரும், சாம்பவி."

"அது கால் மட்டும்தானப்பா."

வெளியே பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு பயற்றங்காயை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"நான் எத்தினை தரம் அவளைப் பற்றி உங்களோடை கதைக்கப் பாத்தனான். ஒவ்வொரு தரமும் நீங்கள் முழங்காலைக் காட்டினீங்கள்."

"என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும். அதிலை எனக்குக் கோவமில்லை. ஆனா இந்த வீட்டிலை நான் மட்டும்தான் அவளை வைச்சிருக்கிறன். நீங்கள் பக்கத்து அறையிலை இருக்கிறியள், நான் தனிய வைச்சிருக்கிறன். அது, ஒரு ஆளும் இல்லாத வீட்டிலை தனிய வைச்சிருக்கிறதிலும் பாரமாக் கிடக்கு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பயற்றங்காய் வெட்ட உதவினேன்.

வீக்கம்: இல்லை. வலி: இல்லை.

ஏப்ரல் 4, சனி

காலையில் மைதானத்துக்குப் போனோம். ஒருவருமில்லை. புல் நனைந்திருந்தது. சாம்பவி ஓடுபாதை ஓரத்தில், காய்ந்த இடமாகப் பார்த்து அளவு நாடாவை விரித்து, காற்றில் பறக்காமல் என் சப்பாத்துகளை அதன் மேல் வைத்தாள். எனக்குப் புதுச் சப்பாத்து கொண்டுவந்திருந்தாள்.

முதலில் வலது காலால் பாய்ந்தேன். அவள் சோக்கட்டியால் கோடு போட்டாள்.

இடது காலில் நின்றேன். அவள் நாடாவின் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்காக ஒருக்கால் ஒழுங்காப் பாயுங்கோ," என்றாள்.

"பாய்ஞ்சால்?"

"பாயுங்கோ, ஆரூரன்."

பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் கொஞ்சமும் நடுங்கவில்லை. நல்ல கால். ஒவ்வொரு நாளும் அவள் கைபட்டுத் தேறிய கால். வேண்டுமென்றே விழலாம் என்றும் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் ஒரு ஆளாவது சுகமாக வேண்டும் என்கிற மாதிரி ஒரு முகம்.

கையை வீசிப் பாய்ந்தேன்.

ஆடாமல் நின்றேன். குனிந்து பார்த்தவள் கோடு போட மறந்துவிட்டாள். வலது காலின் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது என் பாதம்.

"பாத்தீங்களோ," என்று சிரித்தாள். சிரித்தபடியே புல்லில் இருந்துவிட்டாள், ஈரத்தையும் பார்க்காமல். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை. அவள்தான் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரம் போக, "எப்ப போறீர்?" என்று கேட்டேன்.

"மே அஞ்சு."

"நானும் வரட்டோ?"

"வந்து என்ன செய்வியள்? அங்கையும் நாங்கள் ரெண்டு பேரும் இப்பிடியேதான்."

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. பொங்கினாள். கெர்ரி திரும்பவும் சோதித்துவிட்டு, விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். இவ்வளவு அமைதியாக இந்தச் செய்தியைக் கேட்ட ஆட்டக்காரனைத் தான் கண்டதில்லையாம்.

மே 2, சனி

ஆடினேன். சாம்பவி எல்லைக்கோட்டருகே குடையோடு நின்றாள். கடைசிக் கால்பகுதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. போன வருடம் வந்த அதே மாதிரி. யோசிக்க நேரமில்லை, பாய்ந்துவிட்டேன். பிடித்து, இடது காலில் இறங்கினேன். கால் நின்றது. பையன்கள் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள். அவர்களுடைய தோள்களுக்கு இடையால் பார்த்தேன். குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெற்றி. வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் ஐஸ் பையை எடுத்து வந்தாள். வீக்கம் இல்லை. ஆனாலும் வைத்தாள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

ஜீலோங் துறைமுகம். தஸ்மேனியா போகும் கப்பலில் ஏறுவதற்குக் கார்கள் வரிசையாக நின்றன. அவளுடைய கார் பின் இருக்கையில் சட்டி பானை, உடுப்பு, பூச்சாடி. நான் என் வேனில் பின்னாலேயே போயிருந்தேன். வரிசை நகரும்வரை அவள் காரில், பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

சாப்பிடச் சொன்னாள். ஆட்டத்துக்கு முன்பு தொடையை நன்றாகச் சூடாக்கச் சொன்னாள். காலைப் பற்றி இன்னும் இரண்டு மூன்று சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

"ஞாயிறு நான் இல்லை," என்றாள்.

"தெரியும்."

"ஆராவது போக வேணும். நான் போகாட்டி அவளிட்டை வர ஒருத்தரும் இல்லை."

முன்னால் நின்ற கார் நகர்ந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். இறங்கினேன். கண்ணாடியைக் கீழே இறக்கி என் கையைப் பிடித்து, தன் கன்னத்தில் ஒரு தடவை வைத்துவிட்டு விட்டாள்.

கப்பல் திரும்பிப் போகும்வரை நின்றேன்.

மே 10, ஞாயிறு

போனேன்.

வாசலில் வெள்ளைச் சாமந்தி விற்றார்கள். வழமையைவிட நிறையக் கார். இன்று அன்னையர் தினம் என்று பூ விற்றவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சாம்பவிக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் பகுதி எந்தப் பக்கம் என்று கேட்டுப் போனேன். எனக்கு இடம் தெரியாது. புதைத்த அன்று வந்தேன், ஆனால் எதையும் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள். காற்றில் சுற்றும் கடதாசிப் பூக்கள், பொம்மைக் கார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். கண்டுபிடிக்க நேரம் எடுத்தது.

ஆரபி. ஆங்கிலத்திலும் தமிழிலும். கீழே, ஆரூரன் சாம்பவி தம்பதியரின் மகள். கல் சுத்தமாக இருந்தது. சுற்றிவரப் புல்லைக் கத்தரித்திருந்தாள்.

பக்கத்துக் கல்லுக்கு ஒரு வியட்நாமியப் பெண் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"ஓ," என்றாள். "நீங்கள்தானா அந்த முழங்கால்?"

எனக்கு விளங்கவில்லை.

அவள் வெட்கப்பட்டாள். மன்னிப்புக் கேட்டாள். தன் பெயர் லான் என்றாள். உங்கள் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் இதில் இருந்து குழந்தையோடு கதைப்பாள், எனக்கு உங்கள் மொழி தெரியாது, ஒரு நாள் என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டேன் என்றாள். அப்பாவுடைய காலைப் பற்றிச் சொல்கிறேன் என்றாளாம். இந்தக் கிழமை கால் நீட்டினார், இந்தக் கிழமை சைக்கிள் மிதித்தார், இந்தக் கிழமை ஓடினார். அதற்குப் பிறகு லானும் வாராவாரம் கேட்பாளாம், முழங்கால் எப்படி என்று. போன ஞாயிறு சாம்பவி எழும்பி நின்று, கையைத் தூக்கிப் பந்து பிடித்துக் காட்டினாளாம்.

"இன்றைக்கு அவ வரவில்லையா?"

"இல்லை," என்றேன். "இனி நான்தான் வருவேன்."

லான் தலையாட்டிவிட்டு, மிச்சத் தண்ணீரை எங்கள் கல்லின் பூவுக்கும் ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் புல்லில் இருந்தேன். என்ன சொல்வதென்று அப்போதும் தெரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்தேன். எல்லோரும் தங்கள் தங்கள் கல்லோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"ஆரபி," என்றேன். கல்லின் மேல் கை வைத்தேன்.

"நேற்று மழை பிள்ளை. பந்து ஒரே வழுக்கல். முதல் பாதியிலை அப்பாட்டை ஒண்டும் அம்பிடேல்லை..."

முழு ஆட்டத்தையும் சொன்னேன்.